குடைவதா, ஒட்டுவதா: குறுக்குவில் அம்பறாத்தூணிக்கு இரண்டு வழிகள்

15ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பகுதிகளின் குறுக்குவில் (crossbow) வீரர்கள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த மர அம்பறாத்தூணியைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. ஒரே கட்டையை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மறுபடி ஒட்டுவதா? இல்லை, மெல்லிய பலகைகளை அறுத்துப் பெட்டியாகச் சேர்ப்பதா? நான் பலகை வழியில் போனேன். இன்னொன்று செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான்: மேலே குறுகல், கீழே அகலம். சாதாரண வில்லின் தூணியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். காரணம், இதில் போல்ட்டுகள் முனை மேலேயும் வால் கீழேயுமாக நிற்கும். போல்ட் என்பது 35 முதல் 40 செ.மீ. நீளமுள்ள குட்டையான, தடித்த அம்பு. வாலில் இரண்டே சிறகுகள், அவை இறகாகவோ தோலாகவோ மெல்லிய மரச்சீவலாகவோ இருக்கலாம். அவை விரிந்து நிற்பதால் கீழே இடம் வேண்டும். முனைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. கனமான போல்ட் ஒன்று 70, 80 கிராம் வரும். ஒரு டஜன் போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அந்த எடை முழுவதும் அடிப்பலகையில் நிற்கிறது, நடக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் அதைக் குத்துகிறது. தூணி கெட்டுப்போனால் பெரும்பாலும் அங்கிருந்துதான் கெடும்.

ப்ளைவுட்டைப் பற்றி இரண்டு வரி போதும். மலிவு, வளையாது, மேலே தோல் போர்த்திவிட்டால் உடம்பு தெரியாது. ஆனால் வாய் விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும், பார்க்க வருபவர்கள் எட்டிப் பார்ப்பதே அந்த வாய்க்குள்தான். 1475ஆம் ஆண்டு அரச குடும்பத் திருமணத்தை நடித்துக் காட்டும், ஜெர்மனியின் லான்ட்ஸ்ஹூட் நகர விழா போல, கைக்கடிகாரம்கூடக் கட்டக் கூடாது என்று சொல்லும் இடங்களுக்கு அதை எடுத்துப் போக முடியாது.

குடையும் வழிக்கு ஒரு அழகு உண்டு, மறுப்பதற்கில்லை. முன்பக்கத்தின் மெல்லிய புடைப்பு, கழுத்திலிருந்து அடிவரை இறங்கும் வளைவு எல்லாம் உளியிலேயே வந்துவிடும். லிண்டன் மரம் கிடைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டும். பலகையில் அந்தப் புடைப்பு வேண்டுமென்றால் தடித்த பலகையை எடுத்து, வெளிப்பக்கம் இழைப்புளியாலும் உள்பக்கம் வளைந்த உளியாலும் சீவ வேண்டும். அந்த ஒரு முன்பலகைக்கே மற்ற எல்லாவற்றுக்கும் ஆன நேரம் ஆகும்.

சிக்கல் அடியில் இருக்கிறது. கட்டையில் நாரோட்டம் மேலிருந்து கீழாகப் போகும். அடியையும் அதே கட்டையிலேயே விட்டுக் குடைந்தால், போல்ட் வால் குத்தும் தளத்தில் நார்கள் நெட்டுக்குத்தாக நிற்கும், ஒவ்வொன்றின் நீளமும் தளத்தின் தடிமன் அளவுதான். மெல்லியதாக விட்டால் பிளந்து போகும், தடிமனாக விட்டால் கனம். அதனால் குடைபவர்களும் கடைசியில் தனியாக ஒரு அடிப்பலகை வெட்டி ஒட்டத்தான் வேண்டியிருக்கும். அப்புறம் ஒரே கட்டை என்ற பெருமையில் பாதி போய்விடுகிறது.

தனி அடி வைத்தால் மரத்தின் அசைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஹீட்டர் ஓடும் குளிர்கால அறையில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கும், கோடையில் 65 வரை ஏறும். அதோடு சேர்ந்து மரத்துக்குள் இருக்கும் ஈரமும் சுமார் 6 சதவீதத்துக்கும் 12 சதவீதத்துக்கும் இடையே போய்வரும். நாரின் நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். குறுக்குவாக்கில் கதை வேறு: சாதாரணமாக அறுத்த 20 செ.மீ. அகல லிண்டன் பலகை 3 மி.மீ.க்கு மேல் விரிந்து சுருங்கும். ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பலகை, அதாவது வயலின் செய்பவர்கள் மேற்பலகைக்கு எடுப்பது, அதில் பாதிதான் அசையும். முன், பின் பலகைகளுக்கு நான் அதைத்தான் எடுத்தேன். அடிப்பலகையின் நாரோட்டத்தை இடவலமாக வைக்காமல் முன்பின்னாக வைத்தேன். அப்படி வைத்தால் அடியும் முன்பலகையும் ஒரே திசையில் சேர்ந்து அசையும். பக்கப்பலகைகளோடு உரசல் மிச்சம் இருக்கும், ஆனால் அவை 8 செ.மீ.தான், பெரிதாக ஒன்றும் ஆகாது. குடைந்த உடலுக்கும் இதே மாதிரி அடி வைக்கலாம். ஆனால் நாரோட்டம் நேராக ஓடும், வளையம் செங்குத்தாக நிற்கும் அவ்வளவு தடித்த கட்டை கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவு பார்த்தும் இணைப்பு என்றைக்காவது விடும். அன்றைக்கு அதைப் பிரித்துத் திரும்ப ஒட்ட முடிகிறதா என்பதுதான் என் தேர்வை முடிவு செய்தது. வெள்ளைப் பசையைப் போட்டால் இணைப்பு விட்டபின் பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் புதியது சரியாகப் பிடிக்காது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரம் அப்படியில்லை. வெந்நீரும் சூடும் காட்டினால் இளகும், பழைய வஜ்ஜிரத்தின் மேலேயே புதியது பிடித்துக்கொள்ளும். இரவு ஊறவைத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி வாக்கில் சூடாக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். பலத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அந்தக் காலத்து வில்லையே பாருங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வூர்ட்டம்பெர்க் பிரபு ஐந்தாம் உல்ரிச்சின் குறுக்குவில் இருக்கிறது, 1460ஆம் ஆண்டுடையது. கொம்பும் விலங்கு நரம்பும் சேர்த்து ஒட்டிய வில் அது. அந்த இழுவையைத் தாங்கிய பசை வகைக்கு ஒரு கிலோ போல்ட் பெரிய பாரமில்லை. ஈரம்தான் அதற்குப் பகை, அதனால்தான் அந்த மாதிரி வில்களுக்கு மேலே பிர்ச் பட்டையோ தோல்தாளோ சுற்றினார்கள்.

போர்வையையும் இதே கணக்கில்தான் தேர்ந்தெடுத்தேன். பதனிடாத தோலை ஈரமாக இழுத்துத் தைத்தால் காயும்போது இறுகி உடலை அப்படியே பிடித்துக்கொள்ளும், கல் மாதிரி நிற்கும். ஆனால் பிரிக்க வேண்டுமென்றால் முழுதும் நனைக்க வேண்டும், உள்ளே இருக்கும் வஜ்ஜிரமும் சேர்ந்து நனையும். அதனால் மரப்பட்டையில் பதனிட்ட தோல் போட்டு முதுகுப்பக்கம் நெட்டுத் தையல் போட்டேன். நூலை அறுத்தால் திறந்துவிடும். பன்றி முடியோடு கூடிய தோல் பார்க்கக் கம்பீரம், மழை நீரும் முடிவழியே வழிந்துவிடும். ஆனால் பூச்சி வராமல் காப்பது தனி வேலை.

என் தூணி விழா மைதானங்களில் நடந்திருக்கிறது, தூறலில் நனைந்திருக்கிறது. குதிரைமேல் ஏறியதில்லை, நாள் முழுக்கப் பெருமழையில் நின்றதில்லை. அப்படிப் பயன்படுத்துபவர்களுக்கு நல்ல பச்சை லிண்டன் கட்டையும் பொறுமையும் இருந்தால் குடைந்த உடலே மேல் என்று படலாம், தண்ணீர் படும் ஒட்டுகள் அதில் குறைவு. எந்த வழியானாலும் வார் கோக்கும் இரும்பு வளையத்தைப் பசையை நம்பி விடாதீர்கள். பின்பலகையைத் துளைத்து உள்ளே ஆணியை மடக்கி, அதன்மேல் ஒரு தோல்துண்டு ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆணி முனையில் சிறகுகள் கிழியும்.