காருக்கு டிண்டட் (வெயில் மறைக்கும் கண்ணாடி பிலிம்) ஒட்டப் போகிறவர்கள் படிக்கவும்: 1,450 வெள்ளி போச்சு

நேற்று காலை மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த்தில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட் பிளாக்கில் அப்பாவை நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். ஒரு சம்மன்கூட (போக்குவரத்து அபராதச் சீட்டு) வாங்கியதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையை ஒரு டிண்டட் கடை கெடுத்துவிட்டது. கடைப் பெயரைப் போடவில்லை. பிறை ஊர்ப் பக்கம் காருக்கு டிண்டட், ரேடியோ மாட்டுகிற கடை, அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு வெயில் கூசுகிறது என்றார். சரி, நல்லதாகவே ஒட்டிவிடலாம் என்று எங்கள் மைவி காரைக் கொண்டுபோனேன். கடைக்காரர் தமிழர். "வாங்க தங்கச்சி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா கண்ணில் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் தன் அம்மாவுக்கும் இதே ஆபரேஷன் நடந்தது என்று சொல்லி, பக்கத்துக் கடையிலிருந்து மைலோ வாங்கி வரச் சொன்னார். அதில்தான் நான் விழுந்தேன்.

"அண்ணே, முன்பக்கம் சட்டப்படிதானே இருக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டேன். மேசை டிராயரிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பிலிம் துண்டை எடுத்து, எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வரும் என்று காட்டும் மீட்டரில் வைத்தார். 50 காட்டியது. "பாத்தீங்களா? ஜேபிஜே பாஸ். யாராச்சும் பிடிச்சா நேரா என்கிட்ட வாங்க, நான் பாத்துக்கறேன்." 1,450 வெள்ளியைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் 'டிண்டட் புல் செட்' என்று மட்டும் எழுதினார். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நேற்று அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டாராம். டிரைவர் பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கச் சொல்லி மீட்டரைப் பிடித்திருக்கிறார். 37. முன்பக்க இரண்டு கதவுக் கண்ணாடிகளிலும் குறைந்தது 50 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும், முன் விண்ட்ஸ்கிரீனில் 70. பின்பக்கத்துக்குத்தான் 2019 மே மாதத்திலிருந்து கட்டுப்பாடு இல்லை. கடைக்காரர் சொன்னதை அப்பா அவரிடம் சொல்லிப் பார்த்தாராம். சம்மனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், மத்தியானம் சாப்பிடவில்லை.

கடைக்குப் போன் அடித்தேன். முதலில், "அவங்க மீட்டர் பழசு." அப்புறம், "நீங்கதானே கூசுதுன்னு கறுப்பா கேட்டீங்க?" நான் கேட்கவே இல்லை! சாயங்காலம் நேரில் போனால் முதலாளி வெளியே போயிருக்கிறாராம். அவருடைய கார் வாசலில் நிற்கிறது. வேலை செய்கிற பையன் தலையைக் குனிந்துகொண்டு, "வாரன்டி பிலிம் உரிஞ்சாத்தான் அக்கா, சம்மனுக்கு இல்ல" என்கிறான். ராத்திரி வாட்ஸ்அப்பில் மீட்டர் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மைலோ வாங்கிக் கொடுத்த அதே மனிதர்.

இன்று ஜெலுத்தோங்கில் வேறொரு கடையில் முன்பக்க பிலிமை உரித்தேன், அதற்கு 180 வெள்ளி. அங்கிருந்த தம்பிதான் விளக்கினார். கார் கண்ணாடி வெறுமனே இருந்தாலே முழு வெளிச்சத்தையும் விடாது. எங்கள் கண்ணாடியை அளந்து காட்டினார், 75. அதன்மேல் 50 பிலிமை ஒட்டினால் 75-இல் பாதிதான் உள்ளே வரும், அதாவது 37. முன்பக்கக் கதவுகளுக்கு 70 பிலிம் ஒட்டியிருந்தால் தப்பித்திருப்போம். தினமும் இதே தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் வெறும் துண்டை அளந்து காட்டியிருக்கிறார். 1,450 வெள்ளி, உரித்த 180, சம்மன் காசு தனி.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பிலிம் துண்டை அளந்தால் நம்பாதீர்கள், ஒட்டிய பிறகு உங்கள் கார் கண்ணாடியில் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். "நான் பாத்துக்கறேன்" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சம்மனைக் குறைத்துத் தருகிறேன் என்று வருகிற ஏஜெண்டிடம் ஐந்து காசு கொடுக்காதீர்கள், நேராக ஜேபிஜேயில் கட்டுங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது, மீட்டர் படம், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.