யுனிவர்சிட்டி ஆஃப் த பீப்பிள் - கடன் இல்லாம டிகிரி முடிக்கலாமா? என்னோட ரிவ்யூ

யுனிவர்சிட்டி ஆஃப் த பீப்பிள்ங்கற ஆன்லைன் யூனிவர்சிட்டியோட ட்யூஷன் ஃப்ரீங்கற விளம்பரத்த பார்த்துட்டு நிறைய பேர் இது முழுக்க இலவசம்னு நினைச்சுக்கிறாங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன், இலவசம் கிடையாது. ட்யூஷன் ஃபீஸ் இல்ல, புக்குக்கு காசு இல்ல, ஆனா அப்ளிகேஷனுக்கு ஒரு கட்டணம் இருக்கு, அதுக்கப்புறம் ஒவ்வொரு கோர்ஸுக்கும் அசெஸ்மென்ட் ஃபீஸ்னு, அதாவது மதிப்பீட்டுக் கட்டணம்னு, கட்டணும். பேச்சிலர் டிகிரிக்கு 40 கோர்ஸ். ஒரு காலத்துல கோர்ஸுக்கு 100 டாலர்தான், அப்படி பார்த்தா மொத்தம் 4000. பிறகு ஏத்திட்டாங்க, அதனால சேர்ற அன்னிக்கு சைட்ல என்ன ரேட் போட்டிருக்கோ அத 40ஆல பெருக்கி பாத்துக்கோங்க. மாஸ்டர்ஸ்க்கு கோர்ஸ் ஒண்ணுக்கு ரேட் இன்னும் கூட. ஃபெயில் ஆனா திரும்ப எடுக்கும்போது திரும்பவும் கட்டணும், இத யாரும் கணக்குல சேக்கறதே இல்ல.

என் தம்பி இதுல படிக்கிறான், வேலைக்கும் போறான். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா அந்த டேர்ம்ல எந்த கோர்ஸ் எடுக்கறமோ அதுக்கு மட்டும் காசு கட்டினா போதும். கையில பணம் இருந்தா ரெண்டு கோர்ஸ், இல்லன்னா ஒண்ணு. எஜுகேஷன் லோன்ல பெரும்பாலும் என்ன ஆகுதுன்னா படிக்கிற வருஷமெல்லாம் கட்ட வேணாம்னு சொல்லுவாங்க, ஆனா வட்டி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், கடைசில அந்த வட்டியும் அசலோட சேர்ந்து அதுக்கும் சேர்த்து வட்டி போடுவாங்க, பாதில படிப்ப விட்டா டிகிரியும் இல்ல கடன் மட்டும் மிச்சம். இங்க பாதில நிறுத்தினாலும் கடன்காரனா வெளிய வர மாட்டோம். அசெஸ்மென்ட் ஃபீஸ் கூட கட்ட முடியாதவங்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, அகதிகளுக்குன்னே தனியாவும் இருக்கு, கூச்சப்படாம அப்ளை பண்ணுங்க.

ஷாய் ரெஷெஃப்னு ஒருத்தர் 2009ல ஆரம்பிச்சது இது, எல்லாமே ஆன்லைன்தான். ஒரு டேர்ம் 9 வாரம், வருஷத்துக்கு 5 டேர்ம். வாரம் வியாழக்கிழமை ஆரம்பிச்சு புதன்கிழமை முடியும், அதுக்குள்ள ரீடிங், டிஸ்கஷன், அசைன்மென்ட் எல்லாம் போட்டாகணும். லைவ் கிளாஸ எதிர்பார்த்து போகாதீங்க, படிச்சு எழுதறதுதான் படிப்பே. வேலைக்கு போறவங்களுக்கு இது வசதி, ஆனா பக்கத்துல உக்காந்து ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாதான் புரியும்ங்கறவங்க நல்லா யோசிங்க. சேர்ந்த உடனே டிகிரி ஸ்டூடன்ட் ஆகிட முடியாது, முதல்ல ஃபவுண்டேஷன் கோர்ஸ் பாஸ் பண்ணணும், இது நல்ல ஏற்பாடுன்னு நினைக்கிறேன், நமக்கு ஒத்து வருமான்னு கம்மி செலவுலயே தெரிஞ்சிடும்.

எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம் பியர் அசெஸ்மென்ட். நாம எழுதறதுல சிலத நம்மோட சேர்ந்து படிக்கிற மாணவர்களே பார்த்து மார்க் போடறாங்க. செலவ குறைக்க இது ஒரு வழிதான், புரியுது, ஆனா கஷ்டப்பட்டு எழுதின பேப்பர இன்னொரு மாணவர் அஞ்சு நிமிஷத்துல மார்க் போட்டு தள்ளிடலாம்ங்கற நிலைமை சரியில்ல, டிகிரி மார்க்ல சேர்ற விஷயத்துல டீச்சரோட கண்ணு இன்னும் கூட படணும். மார்க் தப்புன்னு தோணினா சும்மா இருக்காம இன்ஸ்ட்ரக்டருக்கு எழுதுங்க.

அங்கீகாரம் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. 2014ல டீஈஏசி அக்ரெடிடேஷன் கிடைச்சுது, அது தொலைதூரக் கல்விக்கான அமெரிக்க அமைப்பு. 2025ல டபிள்யூஎஸ்சியூசியும் கொடுத்துட்டாங்க, ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லிக்கெல்லாம் அக்ரெடிடேஷன் கொடுக்கிற அதே அமைப்பு, அதனால முன்ன இருந்த சந்தேகம் நிறைய குறைஞ்சிருக்கு. ஆனாலும் ஆன்லைன் டிகிரிய ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி பாக்குது. அரசு வேலை, லைசன்ஸ் தேவைப்படற தொழில், மேல்படிப்பு இதுல எது உங்க நோக்கமோ அந்த இடத்துக்கே எழுதி கேட்டு பதில எழுத்துல வாங்கிட்டு அப்புறமா அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுங்க, கட்டின பிறகு கேக்காதீங்க.

வேற காலேஜ்ல பாதி படிச்சு விட்டவங்க அங்க பாஸ் பண்ணின பாடங்களோட கிரெடிட்ட இங்க ட்ரான்ஸ்ஃபர் பண்ண கேக்கலாம், ஏத்துக்கிட்ட ஒவ்வொரு கோர்ஸும் கட்ட வேண்டிய ஒரு ஃபீஸ குறைக்கும். கட்டுப்பாடா உக்காந்து படிக்கிறவங்களுக்கு என் மார்க் 5க்கு 4, அந்த ஒரு மார்க் குறைஞ்சது பியர் அசெஸ்மென்ட்டால மட்டும்தான். இங்க முடிச்சுட்டு வேற யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் சேர்ந்தவங்க யாராவது இருந்தா எங்க ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்லுங்க, தம்பிக்கு அடுத்தது அதுதான் பாக்கணும்.