போலார் வெரிட்டி சென்ஸ்: அறுபதைத் தாண்டிய நீச்சல்காரர்களுக்குச் சரிப்படுமா?

நீச்சலில் இதயத் துடிப்பை மணிக்கட்டு வாட்ச் சொல்லும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். கை வீசும்போதெல்லாம் தோலுக்கும் வாட்சுக்கும் நடுவே தண்ணீர் புகும். குளிர்ந்த நீரில் கையின் ரத்தக்குழாய்களும் சுருங்கிவிடும். மார்புப் பட்டை துல்லியமானது, ஆனால் சுவரை உதைத்துக் கிளம்பினால் வயிற்றுக்கு இறங்கிவிடும். 2021-இல் வந்த போலார் வெரிட்டி சென்ஸ், தோலில் ஒளி பாய்ச்சித் துடிப்பை அளக்கும் சிறு உணரி. அதை ஒரு கிளிப்பில் வைத்து நீச்சல் கண்ணாடி வாரிலேயே மாட்டிவிடலாம். அளவு நெற்றிப்பொட்டில் எடுக்கப்படுகிறது. கை ஆடுகிற ஆட்டம் தலைக்குக் கிடையாதே.

மாட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விளக்குகள் உள்ள பக்கம் கண்ணுக்கும் காதுக்கும் இடையே முடியில்லாத தோலில் படிய வேண்டும். தொப்பியின் ஓரமோ முடியோ நடுவில் வரக்கூடாது. சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். குளத்தின் நீளத்தை போலார் ஃப்ளோ செயலியில் முன்பே பதிந்துவிட்டு, பட்டனை அழுத்தி நீச்சல் முறைக்கு மாற்றுங்கள். நீளம் தவறினால் தூரமும் வேகமும் சேர்ந்து தவறும்.

பெரிய குறை, திரை கிடையாது. புளூடூத் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது என்பதால், நீந்தும்போது மணிக்கட்டு வாட்சிலோ கைபேசியிலோ எண்ணைப் பார்க்க வழியில்லை. கரையேறிய பிறகு வரைபடம்தான். எண் கண்முன்னே ஓட வேண்டும் என்பவர்களுக்கு, துடிப்பு உணரியைத் தன்னுள்ளேயே கொண்ட ஃபார்ம் ஸ்மார்ட் ஸ்விம் 2 கண்ணாடிதான் பொருத்தம். மற்றவர்கள் சுவரைத் தொட்டவுடன் கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விரலை லேசாக வைத்து, 10 விநாடி எண்ணி 6-ஆல் பெருக்கலாம். தாமதித்தால் துடிப்பு மளமளவென இறங்கி, எண் குறைவாக வரும்.

கருவி சரியாகக் காட்டினாலும் இலக்கை வைப்பதில் பிசகு நேரலாம். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு முதியவர்களுக்கு உச்சத் துடிப்பைக் குறைத்தே சொல்லும். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது மேல்: 65 வயதுக்குச் சுமார் 162. அதுவும் தரைக் கணக்கு. உடல் கிடைமட்டமாக இருப்பது, நீரின் அழுத்தம், குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து நீரில் துடிப்பைச் சுமார் 10 குறைக்கும். ஆக 152, அதில் 65 முதல் 75 சதவீதம் என்றால் 99–114. 50 மீட்டர் எட்டு முறை, நடுவே 20 விநாடி ஓய்வு என்று நீந்தி, இந்த எல்லைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். சூத்திரம் சராசரிதான், ஆளுக்கு ஆள் 10 துடிப்பு கூடிக் குறையும்.

துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. சுவரில் நின்று மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு அளவு. துடிப்பு சீரற்றவர்களுக்கு ஒளி உணரி தப்பாகக் காட்டலாம். இலக்கை மருத்துவரிடம் கேட்டு வைப்பதுதான் சரி.

நீந்தி முடித்ததும் கருவியை நல்ல தண்ணீரில் அலசி, தொடுமுனைகள் நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.