தனி லாரியா, பங்கு லாரியா?

தூரத்து ஊருக்கு வீடு மாற்றும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, சாமான் எந்த வண்டியில் போகிறது என்பதைத்தான். அட்டைப்பெட்டி, கயிறு எல்லாம் அப்புறம்.

தனி லாரியில் உங்கள் சாமான் மட்டுமே இருக்கும். ஏற்றிய வண்டியே நேராக வந்து இறக்கும். கிளம்பும் நாளும் சேரும் நாளும் ஏறக்குறைய உங்கள் கையில். பாதி வண்டி காலியாகப் போனாலும் வாடகை மட்டும் முழுசு.

பங்கு லாரியில் பல வீட்டுச் சாமான் சேர்ந்து போகும்; நீங்கள் அடைக்கும் இடத்துக்குத்தான் காசு. சாமான் குறைவு என்றால் நல்ல மிச்சம். ஆனால் வண்டி நிரம்பும்வரை பெட்டிகள் கிடங்கில் காத்திருக்கும், வழியில் வண்டி மாறவும் கூடும். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் கண்ணாடிக்கும் அலமாரி மூலைக்கும் கண்டம்தான். சேரும் நாளைக் கேட்டால் 'இந்தத் தேதிக்குள்' என்பார்கள். அதனால் படுக்கை, இரண்டு பாத்திரம், மாற்றுத்துணி, மருந்து, ஆவணங்கள் உங்களோடு வரட்டும். மொத்தம் முப்பது பெட்டி என்றால் 1/30, 2/30 என்று எண் போட்டுப் படம் எடுங்கள். பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திடட்டும். இன்னொன்று: நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல காப்பீடுகள் பணம் தராது. கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கு இரண்டு வண்டியும் ஒன்றுதான்: முந்தின நாளே அணைத்து, பனி உருகவிட்டு, நிமிர்த்தியே ஏற்ற வேண்டும்.

குழந்தைகள், வயதானவர்கள் உள்ள வீடு என்றால் நான் தனி லாரியைத்தான் சொல்வேன். தனி ஆள் என்றால், பழைய கட்டிலை விற்றுவிட்டுப் பங்கு லாரி.