எச்டிஎம்ஐ இருந்தால் சத்தம் வரும் என்று சொல்லி மானிட்டரை விற்றார்கள். அரை மாதச் சம்பளம் போய்விட்டது

கேம் கன்சோலை டிவிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் மானிட்டரில் போட்டு விளையாடலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கட்டும் முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. ஆனால் எழுதுவதெல்லாம் நடந்தது. ஒரு மானிட்டர், அப்புறம் அவர்களே என் தலையில் கட்டிய ஒரு சின்னப் பெட்டி, இரண்டும் சேர்த்து என் அரை மாதச் சம்பளம். இப்போது மேஜையில் படம் மட்டும் ஓடுகிறது. சத்தம் இல்லை. கேட்டால், "படம் வருதுல்ல சார்?" என்கிறார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. கம்ப்யூட்டர், கேமிங் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு இணையக் கடை. வாங்கும் முன் எங்கள் நிபுணரிடம் பேசுங்கள் என்று பக்கத்தின் ஓரத்திலேயே சாட் வைத்திருப்பார்கள், அந்த வகை. எல்லாச் சாமானும் விற்கும் தளங்களில் இப்படி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று நம்பித்தான் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் பரவாயில்லை என்று இங்கே போனேன்.

வீட்டு டிவி எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. தம்பியும் நானும் சேர்ந்து விளையாட அறையில் தனியாக ஒரு திரை வேண்டும். கன்சோல் பிளேஸ்டேஷன் 5. பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி நல்ல நிலையில் இருக்கிறது, பச்சை நிற 3.5 மி.மீ. பின் உள்ளது. ஆகவே தேவை ஒரு மானிட்டர்தான். அவர்களுடைய பக்கத்தில் ஒரு 4கே மானிட்டர் இருந்தது. "கன்சோல் கேமிங்குக்கு ஏற்றது" என்று தலைப்பிலேயே இருந்தது. விவரப் பட்டியலில் "ஆடியோ: உண்டு" என்று ஒரு வரி. பின்பக்கப் படத்தில் ஹெட்போன் அடையாளத்தோடு ஒரு துளையும் தெரிந்தது. அப்படி இருந்தும் நான் சாட்டில் கேட்டேன். கன்சோல் எது, ஸ்பீக்கர் எது, பின் எது என்று எல்லாவற்றையும் எழுதி, இந்த மானிட்டரில் செருகினால் என் ஸ்பீக்கரில் சத்தம் வருமா என்று கேட்டேன். இதைவிடத் தெளிவாக யாராலும் கேட்க முடியாது.

பதில் உடனே வந்தது. "கண்டிப்பா சார். எச்டிஎம்ஐல படமும் சவுண்டும் சேர்ந்துதான் போகும். வேற எதுவும் வாங்க வேண்டாம். கவலையே படாதீங்க."

வேறு எதுவும் வாங்க வேண்டாம் என்று சொன்னது அந்த ஆள்தான், நான் கேட்டு வாங்கிய வார்த்தை இல்லை. அதைப் படித்ததும்தான் நம்பிக்கை வந்தது. வியாபாரம் செய்ய நினைப்பவன் கூடுதலாக ஏதாவது விற்கத்தானே பார்ப்பான், இவர் வேண்டாம் என்கிறாரே என்று நினைத்தேன். அந்த நிமிடமே பணத்தைக் கட்டினேன்.

அந்தப் பதிலில் பாதி உண்மை, அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. எச்டிஎம்ஐ கேபிளில் படமும் ஒலியும் சேர்ந்து போவது உண்மைதான். 2002இல் அந்தத் தரம் வெளிவந்தபோதே அதற்காகத்தான் வந்தது. அதற்கு முன்பிருந்த விஜிஏவில் படம் மட்டும்தான் போகும், டிவிஐயும் படத்துக்காகவே வந்தது. ஆனால் மானிட்டருக்குள் போன ஒலி வெளியே வர ஒரு வழி வேண்டாமா? ஒன்று மானிட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்க வேண்டும், இல்லை ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ செருக ஒரு 3.5 மி.மீ. துளை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், வீடு வரை தண்ணீர்க் குழாய் போட்டுவிட்டு உள்ளே பைப்பே வைக்காத கதைதான். டிவி என்றால் ஸ்பீக்கர் இல்லாமல் வராது என்பதால் இந்தக் கேள்வியே எழாது. மானிட்டர் அப்படி இல்லை. இரண்டும் இல்லாத மானிட்டர்கள் நிறைய விற்கின்றன. இது அந்த "நிபுணருக்கு" தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, அவர் தொழிலே அதுதான்.

மானிட்டர் வந்தது. பெட்டியைப் பிரித்துப் பின்பக்கம் பார்த்தால் இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட், மின்சாரத்துக்கு ஒரு துளை, அவ்வளவுதான். படத்தில் ஹெட்போன் துளை இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக். மாடல் எண்ணை ஒப்பிட்டேன். பக்கத்தில் போட்டிருந்ததும் வந்திருந்ததும் ஒரே வரிசைதான், ஆனால் கடைசி எழுத்து வேறு. அந்த ஒரு எழுத்தில்தான் ஆடியோ துளை இருக்கும் வகையும் இல்லாத வகையும் பிரிகின்றன. படம் ஒன்று, பொருள் வேறு.

சாட்டில் போட்டேன். முதல் பதில், "மானிட்டர் மெனுவில் வால்யூமைக் கூட்டிப் பாருங்க." அந்த மெனுவில் வால்யூம் என்ற வரியே இல்லை என்று படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து, "கன்சோல் செட்டிங்ஸ்ல பிரச்சினை சார்." சரி என்று அதையும் பார்த்தேன். செட்டிங்ஸில் சவுண்ட், அதில் ஆடியோ அவுட்புட், வெளியீடு எச்டிஎம்ஐக்குத்தான் போகிறது, ஆடியோ ஃபார்மட் லீனியர் பிசிஎம், அதாவது சுருக்கப்படாத சாதாரண ஒலி. எல்லாம் இருக்க வேண்டியபடிதான் இருந்தது. துளையே இல்லாத மானிட்டரிலிருந்து எந்த செட்டிங்ஸ் சத்தத்தை வெளியே கொண்டுவரும்?

அப்புறம்தான் இரண்டாவது வேலையைக் காட்டினார்கள். வேறொருவர் சாட்டுக்கு வந்தார், ரொம்ப மரியாதையாகப் பேசினார். "சார், உங்க கஷ்டம் புரியுது. ரிட்டர்ன் போட்டா இழுத்துக்கிட்டே போகும். எங்ககிட்டயே ஒரு ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் இருக்கு, அதை நடுவுல போட்டா உங்க ஸ்பீக்கர்லயே கேட்கலாம். 4கேக்கும் சப்போர்ட் ஆகும். தள்ளுபடியில தர்றேன்." இந்தப் பெட்டி என்ன செய்யும் என்றால், கன்சோலிலிருந்து வரும் எச்டிஎம்ஐயை வாங்கி, ஒலியை மட்டும் பிரித்து 3.5 மி.மீ. துளையிலோ ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் துளையிலோ கொடுத்துவிட்டு, படத்தை இன்னொரு எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு அனுப்பும். பொருள் என்னவோ உண்மையான பொருள்தான், பலருக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால்தான் அதற்கும் பணம் கட்டினேன். அதோடுதான் கணக்கு அரை மாதச் சம்பளம் ஆனது.

பெட்டி வந்தது, மாட்டினேன். சத்தம் இல்லை. படமும் 4கேயிலிருந்து அதைவிடத் தெளிவு குறைந்த 1080க்கு இறங்கிவிட்டது.

ஏன் என்று நானே தேடித் தெரிந்துகொண்டேன், அவர்கள் யாரும் சொல்லவில்லை. கன்சோலைச் செருகியதும் அது முதலில் எதிரே இருக்கும் திரையிடம் உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கும். எந்தத் தெளிவு, எத்தனை ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை முறை படம் மாறும்), எந்த வகை ஒலி எல்லாவற்றையும் திரை ஒரு பட்டியலாகத் திருப்பிச் சொல்லும். இடிஐடி என்பது அந்தப் பட்டியலுக்குப் பெயர். ஒலியே இல்லாத மானிட்டர் தன் பட்டியலில் ஒலி பற்றி எதுவும் சொல்லாது. நடுவில் இருக்கும் பெட்டி அதை அப்படியே கன்சோலுக்குக் கடத்தினால், கேட்க ஆளில்லை என்று கன்சோல் ஒலியை அனுப்பாமலே இருந்துவிடும். பிரித்தெடுக்க ஒலி வந்தால்தானே? இதற்காகவே நல்ல எக்ஸ்ட்ராக்டர்களில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், பாஸ், 2சிஎச், 5.1சிஎச் என்று போட்டிருக்கும். 2சிஎச்சில் வைத்தால் எனக்கு இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது என்று மானிட்டருக்குப் பதிலாகப் பெட்டியே கன்சோலிடம் சொல்லிவிடும். இவர்கள் கொடுத்த பெட்டியில் அந்த ஸ்விட்ச் இல்லை. ஸ்பீக்கர் இல்லாத மானிட்டரை விற்ற அதே கடை, அந்த மானிட்டருக்காகவே என்று சொல்லி, ஸ்விட்ச் இல்லாத பெட்டியை விற்றிருக்கிறது.

உறுதி செய்துகொள்ள அதே பெட்டியை, அதே கேபிளை, கூடத்து டிவியில் மாட்டினேன். 3.5 மி.மீ. துளையில் சத்தம் வந்தது. டிவி தன் பட்டியலில் ஒலி உண்டு என்று சொல்வதால் வருகிறது. இதை அவர்களுக்கு விளக்கமாக எழுதி, பெட்டி என் மானிட்டருக்குப் பொருந்தாது, மானிட்டரும் நீங்கள் காட்டியது இல்லை, இரண்டையும் எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்றேன்.

வந்த பதில்: "டிவியில வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்றீங்களே சார். அப்போ பொருள்ல குறை இல்ல." மானிட்டருக்கும் அதே பதில்தான், படம் வருவதால் குறை இல்லையாம். குறை இருந்தால் மட்டுமே ரிட்டர்ன், பெட்டி பிரித்தாகிவிட்டது, ஆகவே எடுக்க முடியாது. பிரிக்காமல் பின்பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை.

அதற்கடுத்து நடந்ததெல்லாம் விரட்டல்தான். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். "வீடியோவில் ஒலி இல்லாததால் புகாரை உறுதி செய்ய இயலவில்லை" என்று மின்னஞ்சல் வந்தது. என் புகாரே அதுதான் என்று திருப்பி எழுதினேன். எச்டிசிபியை அணைத்துப் பாருங்கள் என்றார் ஒருவர். அது படத்தைக் காப்பி எடுக்காமல் தடுக்கும் பூட்டு. அதை அணைத்தால் பிளேஸ்டேஷனில் படம் பார்க்கும் ஆப்களை ஓட்ட முடியாது. அணைத்தும் பார்த்தேன், சத்தம் வரவில்லை. மானிட்டர் கம்பெனியிடம் பேசுங்கள் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் புது ஆள் வருவார், "முதலிலிருந்து சொல்லுங்க சார்" என்பார், நான் எழுதி முடிப்பதற்குள் சாட் தானாக மூடிக்கொள்ளும். கடைசியாக மேலாளர் அழைப்பார் என்றார்கள். யாரும் அழைக்கவில்லை.

இதற்கிடையில் அந்த மானிட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், "ஆடியோ: உண்டு" என்ற வரி காணோம். சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். நான் வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், அனுப்பினேன். "ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்பதில்லை" என்றார்கள். தவறே இல்லை என்றால் அந்த வரியை எதற்கு எடுத்தார்கள்? பின்பக்கப் படம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, ஹெட்போன் துளையோடு. நண்பன் ஒருவனை விட்டு அதே கேள்வியைச் சாட்டில் கேட்கச் சொன்னேன். அவனுக்கும் எச்டிஎம்ஐல சவுண்டு வரும் சார் என்றுதான் பதில். இதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவும் எழுதுகிறேன். அடுத்த அரை மாதச் சம்பளம் யாருடையதோ.

இப்போது கன்ட்ரோலரில் இருக்கும் 3.5 மி.மீ. துளையில் ஹெட்போனைச் செருகி விளையாடுகிறோம். ஆடியோ அவுட்புட்டில் ஹெட்போனுக்கு ஆல் ஆடியோ என்று வைத்தால் எல்லா ஒலியும் அதில் வரும். ஒருவர் மட்டும் விளையாடுவதென்றால் அது போதும், எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் காதில்தான் கேட்கும். தம்பி சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறான், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

விரிவாக எழுதலாம் என்றுதான் நினைத்தேன், இதற்கு மேல் பொறுமை இல்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும்.

மானிட்டர் வாங்கும்போது கடைக்காரர் போட்ட விவரத்தை நம்பாதீர்கள். முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரை, எழுதி வாங்கி, தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா, ஹெட்போன் அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். சில மானிட்டர்களில் இருப்பது ஆடியோ இன், அதாவது ஒலி உள்ளே போகும் துளை. அதில் ஸ்பீக்கரைச் செருகினால் ஒன்றும் கேட்காது.

எக்ஸ்ட்ராக்டர் வாங்கியே தீர வேண்டும் என்றால் அந்த இடிஐடி ஸ்விட்ச் இல்லாததைத் தொடாதீர்கள். 4கே என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். எச்டிஎம்ஐ 1.4 பெட்டி 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் கடத்தும், 60க்கு 2.0, 120க்கு 2.1 வேண்டும். அந்தப் பெட்டியின் 3.5 மி.மீ. துளையை நம்பியிருந்தால் கன்சோலை லீனியர் பிசிஎம்மிலேயே வையுங்கள்.

ஆப்டிகல் கேபிளையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் ஆப்டிகல் துளையே கிடையாது. கன்சோலில் நேராகச் செருகலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் எதையும் வாங்காதீர்கள்.