மடக்குக் கத்தியின்ர பொக்கட் கிளிப்: சில வருஷப் பாவனைக்குப் பிறகு

மடக்குக் கத்தி எண்டா எல்லாரும் அலகு என்ன இரும்பு, பிடி என்ன மெட்டீரியல் எண்டுதான் கதைப்பினம், கத்தியைப் பொக்கட் விளிம்பில கொழுவி வைக்கிற கிளிப்பைப் பற்றி பெரிசா ஒருத்தரும் சொல்றேல்ல. எனக்கெண்டா அதுதான் முக்கியம். நான் புறக்கோட்டையில ஒரு ஸ்டோர்ஸில வேலை, பெட்டி வெட்ட, பிளாஸ்டிக் பட்டி அறுக்க எண்டு கத்தி நாள் முழுக்க பொக்கட்டால வெளியில வரும் உள்ள போகும், கிளிப் சரியில்லையெண்டா ஒரு கிழமையிலயே தெரிஞ்சிடும்.

1981ல ஸ்பைடர்கோ கொம்பனி வேர்க்கர் எண்ட மடக்குக் கத்தியை கிளிப் போட்டு இறக்கினது, அதுக்குப் பிறகுதான் இந்த முறை பரவினது. அதுக்கு முதல் பெல்ட்டில உறை, இல்லாட்டி பொக்கட்டுக்கு அடியில சில்லறைக் காசு, திறப்போட சேர்ந்து கிடக்கும்.

என்னட்ட இருக்கிற ரெண்டில ஒண்டு சாதாரண ஸ்டீல் தகட்டை வளைச்ச கிளிப், மற்றது டைட்டேனியம் கட்டியைக் கடைஞ்சு செய்தது. பாக்க ரெண்டாவதுதான் வடிவு, விலையும் கூட. ஆனா பிடிக்கிற விஷயத்தில தகட்டுக் கிளிப்தான் நல்லம், இதில எனக்கு சந்தேகமே இல்ல. தகடு மெல்லிசு, நல்லா வளைஞ்சு குடுக்கும், அதால தடிச்ச டெனிமிலயும் போகும் மெல்லிசான ஒபிஸ் களிசானிலயும் இறுக்கி நிக்கும். கடைஞ்ச கிளிப் தடிப்பு, அசையிற தூரம் கொஞ்சம்தான், டெனிமின்ர மடிச்சுத் தைச்ச விளிம்புக்குள்ள போக அடம்பிடிக்கும், அதே கிளிப் மெல்லிசான துணியில லூசாகி நிக்கும். பின்னேரம் வெள்ளவத்தை ட்ரெயினில சனத்துக்க நெரிபட்டு வரேக்க ஆற்றையோ பேக் வார் அதில கொழுவி, கத்தி அரைவாசி மேல வந்திட்டுது, நல்லகாலம் கை அங்கதான் இருந்தது. தகட்டுக் கிளிப்பில அப்பிடி ஒருநாளும் நடக்கேல்ல.

இன்னொண்டு, கிளிப்புக்குக் கீழ பிடி எப்பிடி இருக்கெண்டு பாக்கவேணும். பிடிக்குப் போடுற ஜி10 எண்டது கண்ணாடி நாரும் எபொக்ஸிப் பசையும் சேர்ந்தது, சொரசொரப்பா விட்டிருந்தா அரம் மாதிரி துணியைத் தின்னும். என்ர டெனிமில வலது பொக்கட் விளிம்பு நூல் நூலா வந்திட்டுது, கிளிப் நுனி அமத்துற இடத்தில சரியா ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையா இருக்கு. கிளிப்பைக் கழட்டி அது படுற இடத்தை மட்டும் சாண்ட் பேப்பரால தேய்ச்சு விட்டன், மற்ற இடத்தில சொரசொரப்பு அப்பிடியே இருக்கு, கைக்குப் பிடியும் குறையேல்ல. துணி தப்பிச்சுது, கிளிப்பின்ர இறுக்கமும் போதும், ஏனெண்டா அமத்துறது கிளிப்பின்ர ஸ்பிரிங்தான், சொரசொரப்பு கூடினா இழுக்கிறதுதான் கஷ்டம். தேய்க்கேக்க ஈரமாக்கித் தேய்க்கவேணும், அந்தத் தூள் மூக்குக்குள்ள போகக் கூடாது.

கிளிப் லூசு எண்டு சொல்ற கனபேருக்கு உண்மையில லூசானது ஸ்க்ரூதான். அனேகமா மூண்டு சின்ன டொர்க்ஸ் (தலையில நட்சத்திரக் குழி இருக்கிற) ஸ்க்ரூ, சைஸ் டி6 இல்லாட்டி டி8. சும்மா இறுக்கினா திரும்பக் கழரும், லொக்டைட் எண்ட ஸ்க்ரூ கழராமப் பிடிக்கிற பசையில நீல நிறம் ஒரு சொட்டு போட்டு விடுங்கோ, பிறகு சாதாரண ஸ்க்ரூ ட்ரைவராலயே கழட்டலாம். சிவப்பு போட்டா சூடு காட்டினாத்தான் வரும், இந்தச் சின்ன ஸ்க்ரூவுக்கு அது வேண்டவே வேண்டாம், தலை தேஞ்சு போயிடும்.

கொழும்புக் கடல்காத்துக்கும் வேர்வைக்கும் கறுப்புப் பூச்சு முதல்ல போறது கிளிப் வளையிற இடத்திலதான், அதில செம்மஞ்சளா புள்ளி வந்தா துணியிலயும் கறை பிடிக்கும். நான் இடைக்கிடை கிளிப்பைக் கழட்டி அடியில துடைச்சு தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசா பூசி விடுவன், எண்ணெய் கூடினா களிசானில ஊறும், அதால துணியால ஒத்தி எடுத்திட்டுத்தான் பூட்டுறது.