அம்மாவின் சிறுநீரகக் கட்டி அறுவை: திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றைப் பற்றி

களியக்காவிளையில் இருக்கும் எங்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் சற்றே பக்கம். அம்மாவின் இடது சிறுநீரகத்தில் 3.5 சென்டிமீட்டர் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்ததும், அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். நெடுநாள் சர்க்கரை நோயாளி என்பதால், சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் அகற்றுவதே நல்லது என்றார்கள்.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 1 லிட்டர் அளவில், இரு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. அத்தகைய உறுப்பை வெட்டினால் ரத்தம் எப்படி நிற்கும் என்று அண்ணன் கேட்டதற்கு, மருத்துவர் தாளில் படம் வரைந்து, மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத் தமனியைச் சிறு கவ்வியால் அடைத்து, ரத்தம் ஓடாத அந்த இடைவெளியில் கட்டியை வெட்டியெடுத்துத் தைக்க வேண்டும். ரத்தமின்றி நீண்ட நேரம் இருந்தால் சிறுநீரகம் பழுதாகும் என்பதால், 25 முதல் 30 நிமிடங்களுக்குள் கவ்வியை எடுத்துவிடப் பார்ப்பார்களாம். அம்மா இதயத்துக்காகச் சாப்பிட்டுவந்த ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை என்று நிறுத்துவது என்பதையும் இதய மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தார்கள்.

லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்த அறுவையில் கவ்வி இருந்தது 19 நிமிடங்கள். அடிப்பகுதியில் திறந்திருந்த ரத்தக் குழாய்களைத் தைத்தவுடனே கவ்வியைத் தளர்த்தி, எங்கேனும் கசிகிறதா என்று கண்டு அவ்விடங்களையும் தைத்து, அதன் பிறகே வெட்டிய விளிம்புகளை இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றில் செலுத்தும் வாயுவின் அழுத்தம் சிறு சிரைகளின் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களின்) கசிவை மறைத்துவிடும் என்பதால், முடிக்குமுன் அழுத்தத்தைக் குறைத்துச் சில நிமிடங்கள் காத்திருந்து பார்த்தார்களாம். இந்தக் காத்திருப்புக்காகவே அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். எடுத்துவைத்திருந்த 2 யூனிட் ரத்தம் தேவைப்படவில்லை. அறை சுத்தமாக இருந்தது. பில் போடுவதில்தான் தாமதம்.

குறை, வீட்டுக்கு அனுப்பிய விதத்தில். 12ஆம் நாள் இரவு அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. பழைய ரத்தம் வடிகிறது என்று எண்ணி விடியும்வரை இருந்துவிட்டோம். அறுவை நடந்த இடத்தில் தமனியின் சுவர் பலவீனமாகி ரத்தப் பை உருவாவதும், அது ஓரிரு வாரங்கள் கழித்து உடைந்து கசிவதும் எப்போதாவது நேரக்கூடியவையே. இது அவர்களுக்குத் தெரியும். அச்சிட்டுத் தந்த தாளிலும் எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது மலையாளத்தில் மட்டுமே இருந்தது, எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஒருவருமில்லை. காலையில் போனதும் ஆஞ்சியோகிராம் எடுத்து, தொடை வழியாகச் செலுத்திய சுருள்கம்பியால் அந்தக் குழாயை அடைத்தார்கள்; மறுபடி வயிற்றைத் திறக்க நேரவில்லை, சிறுநீரகமும் பிழைத்தது.

எல்லைக்கு இப்பாலிருந்து வருபவர்களுக்கு, "சிறுநீர் சிவந்தால் எந்த நேரமானாலும் உடனே வரவும்" என்ற அந்த ஒரு வரியையும், இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் தமிழில் அச்சிட்டுத் தருமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது அந்தத் தாளைக் கேட்டுப் பார்ப்பேன்.